ஆவாரைக்கு அடியில் குடியிருப்பது யார்?

மார்கழி கடைசி நாள் சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கை நிறைய வேலை. ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் பறித்துக் கொத்துக் கொத்தாகக் கட்ட வேண்டும். சாயங்காலம் வாசல் கூரையில், மாட்டுக் கொட்டாயில், கிணற்று மேட்டில், காட்டு மூலையில் என்று ஓரிடம் விடாமல் செருக வேண்டும். காப்புக்கட்டு! இப்போது கடைவீதியிலேயே கொத்தாக விற்கிறார்கள் என்றாலும், கரட்டோரம் அலைந்து பறித்து வருகிற சுகம் அதில் கிடையாது.

அந்தக் கொத்திலிருந்து ஆவாரையை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். இதற்குத் தண்ணீர் பாய்ச்சியவர் யாருமில்லை. எரு போட்டவரும் இல்லை. வெயில் காலத்தில் பக்கத்துப் புல்லெல்லாம் சருகாகிக் கிடக்கும்போதும் இது மட்டும் பச்சை இலையோடு நிற்கும். மாடு இதைக் கடிப்பதில்லை என்பது ஒரு வசதி. ஆனால் மாடு கடிக்காததால் மட்டும் ஒரு செடிக்குச் சாப்பாடு கிடைத்துவிடாதே!

புதுச்சத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? சேலத்திலிருந்து நாமக்கல் போகிற பெரிய ரோட்டில், ராசிபுரம் பிரிவைத் தாண்டி, நாமக்கல்லுக்குச் சற்று முன்னால். சுற்றிலும் செம்மண், சரளை, நடுநடுவே கரடு. கிணற்றுத் தண்ணீர் இருக்கிற இடத்தில் மரவள்ளி. இல்லாத மேட்டாங்காட்டில் கடலையும் சோளமும். அதுவும் விளையாத இடம் ஆட்டுக்கு. சேலம் கருப்பு என்று ஒரு வெள்ளாட்டு இனமே இந்தப் பக்கத்துச் சொத்து. (கருப்பாக இருந்தாலும் வெள்ளாடு வெள்ளாடுதான்!) மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 700 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். மிச்ச நாளெல்லாம் காய்ச்சல்.

இப்படிப்பட்ட நிலத்தில் பிழைக்கிற செடிகள் தனியாகப் பிழைப்பதில்லை. அவற்றின் கூட்டாளிகள் மண்ணுக்குள் இருக்கிறார்கள். நல்ல மண்ணில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் அதில் நூறு கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கலாம். காய்ந்த செம்மண்ணில் இது குறையும். ஆனாலும் எண்ணி முடிகிற கணக்கில்லை. முதல் மழைக்கு மண் வாசனை வருகிறதே, அதில் பெரும்பங்கு ஸ்டிரெப்டோமைசிஸ் என்கிற பாக்டீரியாக் கூட்டம் செய்து வைக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுடையது. காச நோய்க்கு முதன்முதலில் கிடைத்த மருந்தான ஸ்டிரெப்டோமைசின், 1943-இல் இதே கூட்டத்திலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது. அவர்கள் கதை பெரிது; இன்னொரு நாள் பார்ப்போம். இன்றைக்கு வேரோடு ஒட்டிக்கொண்டு வாழ்கிறவர்கள் மட்டும்.

கடலைக்காட்டிலிருந்து தொடங்குவோம். கடலை பிடுங்குகிற நாளில் பெரியவர்கள் காயைப் பார்ப்பார்கள். நீங்கள் வேரைப் பாருங்கள். பக்கவேர் கிளைக்கிற இடங்களில் கடுகைவிடச் சிறிதாகவும் பெரிதாகவும் உருண்டை உருண்டையாக ஒட்டியிருக்கும். நோய் இல்லை, பூச்சி முட்டையும் இல்லை. வேர்முடிச்சு. பிஞ்சுச் செடியில் ஒன்றைக் கிள்ளி நகத்தால் நசுக்கினால் உள்ளே சிவப்பாக, ரத்தம் கட்டியது போலவே இருக்கும். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரனான லெக்ஹீமோகுளோபின் கொடுக்கும் நிறம் அது. உள்ளே குடியிருக்கும் ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக மாற்றுகின்றன. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் செடியால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. பாக்டீரியா நைட்ரஜனைப் பிடிக்கிற வேலைக்கு ஆக்சிஜன் எதிரி. அதைக் கட்டுக்குள் வைத்து, பாக்டீரியா மூச்சுவிட வேண்டிய அளவு மட்டும் கொடுப்பது சிவப்புப் பொருளின் வேலை. முடிச்சு சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது முடிந்துவிட்டது. நெதர்லாந்துக்காரர் பெய்ஜெரிங்க் இந்தப் பாக்டீரியாவை முடிச்சிலிருந்து தனியே பிரித்து வளர்த்துக் காட்டியது 1888-இல்.

சரி, ஆவாரையும் கடலையும் ஒரே பெரிய குடும்பம். அவரை, துவரை, புளி எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஆவாரம்பூ வாடிய பிறகு வருகிற தட்டைக் காயைப் பார்த்தாலே தெரியும். அப்படியானால் ஆவாரை வேரிலும் முடிச்சு இருக்க வேண்டுமே?

இருக்காது. மழை அரித்த ஓடைக்கரையில் வேர் வெளியே தெரிகிற ஆவாரையைத் தேடிப் பாருங்கள் (செடியைப் பிடுங்க வேண்டாம்). எத்தனை தேடினாலும் முடிச்சு அகப்படாது. ஒரே குடும்பத்தில் பிறந்தும் ஆவாரை கடலையின் வழியில் போகவில்லை. பக்கத்திலேயே தரையோடு படர்ந்து ஊதாப் பூ பூத்திருக்கும் கொளுஞ்சியைத் தோண்டினால் முடிச்சு இருக்கும். அதனால்தான் அதை வயலுக்குத் தழையுரமாகப் போடுகிறார்கள். ஆவாரை நம்பியிருப்பது வேறொரு கூட்டாளியை. அதை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. அது ஒரு பூஞ்சை. மைகோரைசாப் பூஞ்சை என்பார்கள்.

பழைய ரொட்டியில் பஞ்சு மாதிரி படர்கிறதே, அந்த மாதிரி இழை இழையாக இருக்கும். ஆனால் ரொட்டிப் பூஞ்சை எதையாவது அழுகவைத்துத் தின்னும். இது உயிருள்ள வேருக்குள் நுழைந்து, செல்லுக்குள்ளேயே குட்டி மரம் போலக் கிளைத்து உட்கார்ந்துகொள்ளும். மறு நுனி மண்ணுக்குள் பல சென்டிமீட்டர் தூரம் ஓடும். இழையின் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். நம் தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன்.

இவ்வளவு மெல்லிசாக இருப்பதில்தான் காரியம் இருக்கிறது. செம்மண்ணில் பாஸ்பரஸ் இல்லாமல் இல்லை. ஆனால் இரும்போடும் அலுமினியத்தோடும் கட்டிப் போட்டது போலக் கிடக்கும். தண்ணீரோடு ஓடி வேரைத் தேடி வராது. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதை உறிஞ்சிவிட்டால் அவ்வளவுதான், அதற்கு மேல் வெறும் மண். அப்போது பூஞ்சை இழை, வேர் நுழைய முடியாத மண் இடுக்குகளில் புகுந்து தூரத்துப் பாஸ்பரஸைக் கொண்டு வருகிறது. காய்ந்த மண்ணில் ஈரம் கடைசியாக ஒளிந்திருப்பதும் அந்த இடுக்குகளில்தான். வறட்சியிலும் செடி தாக்குப்பிடிக்க இது கைகொடுக்கிறது. பூஞ்சைக்குச் சூரிய ஒளியில் சமைக்கத் தெரியாது. அதனால் செடி தன் இலையில் சமைத்த மாவுச்சத்தில் ஒரு பங்கை, சில சமயம் ஐந்தில் ஒரு பங்கு வரை, கூலியாகக் கொடுத்துவிடும். பேரம் பழையது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் கிடைத்த நாற்பது கோடி ஆண்டுப் பழைய புதைபடிவச் செடிகளுக்குள்ளேயே இந்தக் குட்டி மரப் பூஞ்சை இருக்கிறது. அந்தக் காலச் செடிகளுக்கு வேரே கிடையாது! வேர் வருவதற்கு முன்பே கூட்டாளி வந்துவிட்டான்.

காப்புக்கட்டுக் கொத்தில் இருக்கும் வேம்புக்கும் இந்தப் பூஞ்சை வேண்டும். பூளைப்பூ கொஞ்சம் வித்தியாசம். அது தண்டுக்கீரைக் குடும்பம். கீரைக் குடும்பமும் கடுகுக் குடும்பமும் பெரும்பாலும் இந்தப் பூஞ்சையை அண்டவிடுவதில்லை. ஒரே கொத்தில் இரண்டு விதமான பிழைப்பு.

கண்ணுக்குத் தெரியாததை விஞ்ஞானிகள் எப்படிப் பார்க்கிறார்கள்? ஒரு கைப்பிடி மண்ணை வாளித் தண்ணீரில் கலக்கி, கனமான மணல் அடங்கியதும், மேல் தண்ணீரை மிக நுண்ணிய சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாக வடிப்பார்கள். சல்லடையில் தங்கியதை லென்ஸின் கீழ் வைத்தால் மஞ்சள், பழுப்பு, வெள்ளை நிறத்தில் மணி மணியாகத் தெரியும். பூஞ்சையின் விதைகள் அவை. வித்துகள் என்று பாடப் புத்தகம் சொல்லும். வேருக்குள் இருப்பதைப் பார்க்க, வேரைக் காரத்தில் வேகவைத்து நிறம் போக்கி, நீலச் சாயம் ஏற்றுவார்கள். பூஞ்சை மட்டும் நீலமாக எழும்பி நிற்கும்.

இந்த வேலையை நம் பக்கத்திலேயே ஒரு விசித்திரமான இடத்தில் செய்திருக்கிறார்கள். சேலம் நகருக்கு வடக்கே ரயிலில் போனால் வெள்ளை வெளேரென்று மேடுகள் தெரியும். வெள்ளைக்கல் சுரங்கம் என்பார்கள் ஊர்க்காரர்கள். மேக்னசைட் என்ற கனிமம் அது. எஃகு உருக்கும் உலைகளுக்குள் பதிக்கிற, தீக்கு அசையாத செங்கல் செய்ய உதவும். கல்லை எடுத்த பிறகு வேண்டாத கழிவு மண்ணை மலை மலையாகக் கொட்டி வைப்பார்கள். அதில் மக்கு இல்லை, சத்தும் இல்லை. மக்னீசியமோ செடிக்குத் தாங்காத அளவு. கடலைக்காட்டுச் செம்மண் அதற்கு முன்னால் சொர்க்கம்.

அப்படியும் அந்தக் கழிவு மேட்டில் சில செடிகள் தாமாகவே முளைத்து நின்றன. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல்காரர்களான என். ராமன் குழுவினர் அந்தச் செடிகளின் வேரை எடுத்துப் பார்த்தார்கள். வேருக்குள் மைகோரைசா! சுற்றியிருந்த மண்ணிலும் அதன் வித்துகள். 1993-இல் ஓர் உலக மண்ணியல் இதழில் இதை வெளியிட்டார்கள். ஒன்றுமில்லாத இடத்தில் காலூன்ற வந்த செடி, தன் கூட்டாளியோடு சேர்ந்தே வந்திருக்கிறது, அல்லது வந்த இடத்தில் முதல் வேலையாக அவனைக் கண்டுபிடித்திருக்கிறது. சுரங்க மேடுகளை மறுபடி பச்சையாக்க நினைக்கிறவர்களுக்கு இது பெரிய துப்பு. நெடுந்தூரத்திலிருந்து உரம் கொண்டுவரும் முன், அங்கேயே பிழைத்திருப்பது எது, யார் துணையில் பிழைத்தது என்று பார்க்க வேண்டும்.

மேய்ச்சல் நிலத்துக்கும் இதே கதைதான். கரட்டடியில் ஆவாரை, விராலி, சூரை, சங்கஞ்செடி என்று புதர் நிற்கும். "முள்ளுக் காடு, உதவாத நிலம்" என்று ஒருநாள் ஜேசிபி வரும். அரை நாளில் தரை மொட்டையாகிவிடும். மேல் மண் புரண்டு, பூஞ்சை வலை அறுந்து, நிழல் போய், வித்துகள் வெயிலில் வேகும். சில ஆண்டு செடியில்லாமல் கிடந்தால் கூலி கொடுப்பார் இல்லாமல் பூஞ்சை ஒடுங்கிவிடும். அடுத்த மழைக்கு மண் மேலே ஓடு மாதிரி இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடையில் சேரும். அந்த இடத்தில் நட்ட கன்று கருகினால் "மழை ஏமாற்றிவிட்டது" என்று மழைமேல் பழி போடுவார்கள்.

அப்புறம் அங்கே முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் வேலிக்காத்தான். சீமைக்கருவேலம் என்றும் சொல்வார்கள். 1870-களில் வெள்ளைக்காரர் ஆட்சியில் கடப்பைப் பக்கம் விதைக்கப்பட்ட அமெரிக்கச் செடி. அதன் வேரிலும் முடிச்சு உண்டு. நம் மண்ணின் நுண்ணுயிர்களோடு சுலபமாகக் கூட்டுச் சேர்ந்துகொள்ளும். அது இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மொட்டையான நிலத்தில் புதரை மறுபடி கொண்டுவர முடியுமா? ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்கில் அல்மேரியா என்ற மாவட்டம் இருக்கிறது. ஐரோப்பாவிலேயே மிகவும் காய்ந்த பகுதிகளில் ஒன்று. அங்கே பாலையாகிக்கொண்டிருந்த மலைச்சரிவில் ஆந்திலிஸ் என்ற நாட்டுப் புதர்ச்செடியை நட்டுப் பார்த்தார்கள். கடலை போல அதற்கும் முடிச்சு உண்டு, மைகோரைசாவும் உண்டு. நாற்றாக இருக்கும்போதே அந்த மண்ணிலேயே எடுத்த பூஞ்சையையும் முடிச்சுப் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொடுத்து, ஐந்தாண்டு கவனித்தார்கள். கூட்டாளியோடு போன கன்றுகள் நன்றாகத் தேறின. 2001-இல் வெளிவந்த அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது அதுவல்ல. செடியைச் சுற்றியிருந்த மண்ணே மாறியிருந்தது. நைட்ரஜன் கூடியது, மக்கு கூடியது, தண்ணீரில் கரையாத மண் குருணைகள் பெருகின. முடிச்சில்லாத பக்கத்துச் செடிகளுக்கும் நைட்ரஜன் போய்ச் சேர்ந்தது. புதர் தனக்கு மட்டும் சம்பாதிக்கவில்லை.

நெதர்லாந்தில் இன்னும் துணிச்சலாக ஒன்று செய்தார்கள். கைவிட்ட வயலில், புல்வெளியிலிருந்தும் புதர்க்காட்டிலிருந்தும் மண் கொண்டுவந்து ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத் தூவிவிட்டார்கள். ஆறாண்டு கழித்துப் பார்த்தால் புல்வெளி மண் போட்ட இடம் புல்வெளியை நோக்கியும், புதர் மண் போட்ட இடம் புதர்க்காட்டை நோக்கியும் திரும்பியிருந்தன.

நம் ஊருக்கு மண் எங்கிருந்து கொண்டுவருவது? வேலியைப் பாருங்கள். கொங்குச் சீமையில் மேய்ச்சல் காட்டுக்கு முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரம் என்று கொறங்காடு வைக்கும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. அந்த வேலியடி மண்ணில் பல காலமாக ஏர் படவில்லை. கரட்டோரத்துச் சங்கஞ்செடிப் புதரும் அப்படித்தான். ஆடு வாய் வைக்க முடியாத முள்ளுக்குள் இலை விழுந்து மக்கி, ஈரம் தங்கி, மைனாவும் கொண்டைக்குருவியும் உட்கார்ந்து எச்சமிட்டுப் போகும். கொஞ்ச நாளில் புதரின் நடுவிலிருந்து ஒரு வேப்பங்கன்று தலையை நீட்டும். பார்த்திருப்பீர்கள். யாரும் நடாத வேம்பு அது. குழி வெட்டி, கன்று நட்டு, போட்டோ எடுத்து, மறுவாரம் மறந்துபோகிற விழாக்களைவிட இந்த ஒரு முள்புதர் அதிகம் மரம் வளர்க்கும் என்பது என் கட்சி.

வேளாண்மை அலுவலகத்தில் வேம் என்று ஒரு பொட்டலம் கிடைக்குமே, அதுவும் இந்தப் பூஞ்சைதானே என்று நீங்கள் கேட்கலாம். அதேதான். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தயாரித்துத் தருகிறது. நாற்றங்காலுக்கு நல்லது. ஆனால் ஆவாரையையும் விராலியையும் கரட்டில் வளர்க்க நினைத்தால், நாற்றுப் பையில் அதே கரட்டுப் புதரடி மண் ஒரு கைப்பிடி சேர்ப்பதையே நான் முதலில் செய்வேன். அந்த வெயிலுக்குப் பழகிய பூஞ்சை அதில் இருக்கிறது. காசும் இல்லை. கைப்பிடிதான், புதரையே தோண்டிச் சாய்த்துவிடக் கூடாது.

இப்போது உங்கள் முறை. முதல் சோதனை ஐந்து நிமிடம். புதரடியில் ஒரு மண்கட்டி, மொட்டைத் தரையில் ஒரு மண்கட்டி, இரண்டையும் நிழலில் நன்றாகக் காயவைத்து, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெல்ல விடுங்கள். பூஞ்சை இழையும் அதன் பசையும் வேரும் கட்டிப்பிடித்த கட்டி அப்படியே கிடக்கும். மற்றது பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீரைக் கலக்கிவிடும்.

இரண்டாவது சோதனைக்குப் பொறுமை வேண்டும். சாதாரணச் செம்மண்ணைச் சலித்து, பழைய பாத்திரத்தில் இட்லி வேகவைப்பது போல அரை மணி நேரம் ஆவியில் வைக்க வேண்டும். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். மறுநாளும் அதேபோல் இன்னொரு முறை. முதல் நாள் சூட்டுக்குத் தப்பிய பாக்டீரியா வித்துகள் இரவில் விழித்துக்கொள்ளும். மறுநாள் சூடு அவற்றையும் முடித்துவிடும். ஆறியதும் அடியில் துளையிட்ட எட்டு டப்பாக்களில் நிரப்புங்கள். கொளுஞ்சியும் ஆவாரையும் சேர்ந்து நிற்கும் இடத்திலிருந்து மண் எடுத்து, நாலு டப்பாவில் இரண்டு கரண்டி அப்படியே கலக்குங்கள். மற்ற நாலில் அதே மண்ணை வேகவைத்துக் கலக்குங்கள். எல்லாவற்றிலும் தட்டைப்பயறு விதையுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறிய பின் ஊற்றுங்கள்.

முதல் இரண்டு வாரம் வேகவைத்த டப்பா செழிப்பாகத் தெரிந்தாலும் தெரியலாம். வெந்து செத்த நுண்ணுயிர்களின் சத்து அதற்கு இலவசச் சாப்பாடு. அது தீர்ந்த பிறகுதான் உண்மை வெளியே வரும். நாற்பது நாளில் செடியை மண்ணோடு எடுத்து, தண்ணீரில் மெல்ல அலசி, முடிச்சுகளை எண்ணி நோட்டில் எழுதுங்கள். சிவப்பு தனியாக, வெள்ளை தனியாக. வேகவைத்த டப்பாவிலும் ஒன்றிரண்டு முடிச்சு இருந்தால் குழம்ப வேண்டாம். காற்றுத் தூசியிலோ, நீங்கள் கழுவ மறந்த விரலிலோ யாரோ ஒருவர் டிக்கெட் எடுக்காமல் ஏறி வந்திருக்கிறார். அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.